நிரல் கோப்பின் தலைப்பில் யார் பெயர்?

யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளின் கோப்பு ஒன்றைத் திறந்தால், பெரும்பாலும் உச்சியில் பதிப்புரிமை, ஆண்டு, பெயர், உரிமம் என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். அதை எழுதினால்தான் உரிமை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) அப்படிக் கேட்பதில்லை. கணினி நிரலை அது இலக்கியப் படைப்பாகவே எண்ணுகிறது, கவிதையோடு ஒரே பந்தியில்! எழுதியவுடனே உரிமை வந்துவிடும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும்.

சரி, யாருக்கு உரிமை? மாதச் சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாக எழுதிய நிரல் 17ஆம் பிரிவின்படி நிறுவனத்துக்குச் சொந்தம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதனால் பதிப்புரிமை வரியில் நிறுவனத்தின் பெயர்தான் வரும். ஆனால் 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனியாகத் தருகிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் அது கைவிட்டுப் போகாது. ஆகவே 'ஆசிரியர்' என்று இன்னொரு வரி போட்டுக்கொள்ள நிறுவனத்திடம் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தவர் கோப்பை எடுத்துத் திருத்தும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பழைய பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போடுவது உரிம மீறல். கட்டற்ற மென்பொருளுக்கான உரிமங்களில் ஒன்றான எம்.ஐ.டி உரிமத்தின் முக்கிய நிபந்தனையே அந்த அறிவிப்பை அப்படியே வைக்க வேண்டும் என்பதுதான். அப்பாச்சி 2.0 உரிமம், மாற்றிய கோப்பில் மாற்றியதைக் குறிக்கச் சொல்கிறது, ஜி.பி.எல் 2 உரிமம் தேதியையும் கேட்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவு இன்னும் கடுமை. ஆசிரியர் பெயர், உரிமையாளர் பெயர், பயன்பாட்டு நிபந்தனை போன்ற உரிமைத் தகவல்களை அனுமதியின்றித் தெரிந்தே நீக்கினாலோ மாற்றினாலோ 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

பழைய வரியைத் தொடாமல், அதன் கீழே உங்கள் வரியைச் சேருங்கள். அதுவும் கணிசமாக எழுதியிருந்தால் மட்டும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் பெயர் போடுவது, என்னைக் கேட்டால், கொஞ்சம் அதிகம். அதற்கு, யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் வரலாறு போதும். அப்புறம், ஜனவரிதோறும் ஆண்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நூறு பேர் கைவைத்த திட்டமென்றால் தலைப்பில் 'இத்திட்டத்தின் ஆசிரியர்கள்' என்று ஒரே வரி, பெயர்ப் பட்டியலுக்குத் தனிக் கோப்பு. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தில் இப்படித்தான் செய்கிறார்கள்.