சபையார் பாடவில்லையா? திட்டுவதற்கு முன்னால் உங்கள் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள்

மறுபடியும் அதே அழைப்பு. "பிரதர், எங்கள் சபையில் ஜனங்கள் வாயே திறப்பதில்லை. அனல் குறைந்துவிட்டது. நீங்கள் வந்து ஆராதனையைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டும்."

ஆராதனைக் குழுக்களுக்கும் கொயர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை, அதனால் சரி என்று போனேன். நான் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவேன், ஏனென்றால் மேடையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாத எல்லாம் அங்கேதான் தெரியும். முதல் பாட்டு புதிது. இரண்டாவதும் புதிது. மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு, ஜனங்கள் முகம் மலர்ந்து ஆரம்பித்தார்கள், ஆனால் பாட்டை நடத்தினவர் தன் குரலுக்கு எங்கே பிரகாசமாக இருக்குமோ அந்த ஸ்கேலில், அதாவது அந்தச் சுருதியில், பிடித்திருந்ததால் பல்லவி வந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள், பெண்கள் கொஞ்ச நேரம் தத்தளித்துவிட்டு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன சபையே, தூக்கமா? கர்த்தருக்கு முன்பாக இப்படித்தான் நிற்பீர்களா?" என்று அதட்டுகிறார்.

தம்பி, அவர்கள் பாடத்தான் பார்த்தார்கள். நீதான் விடவில்லை.

ஆராதனை முடிந்து குழுவோடு உட்கார்ந்தபோது, பாட்டுகளை எப்போது தேர்வு செய்தீர்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி, வாட்ஸ்அப்பில். பிரசங்கம் எந்த வேதபகுதியிலிருந்து என்று தெரியுமா? தெரியாது. ஏன் முன்னாலேயே முடிவு செய்யக் கூடாது? "முன்கூட்டியே எல்லாம் எழுதி வைத்துவிட்டால் ஆவியானவர் கிரியை செய்ய இடம் இருக்காதே, பிரதர்."

இந்தப் பதிலை நான் கேட்காத சபை குறைவு, அதனால் இதற்குக் கொஞ்சம் விலாவாரியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு உங்களை நடத்துகிற ஆவியானவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடத்த மாட்டாரா? போதகர் வாரம் முழுக்க உட்கார்ந்து பிரசங்கத்தை ஆயத்தம் செய்கிறார், அது ஆவியானவருக்குத் தடை என்று யாரும் சொல்வதில்லை. பாட்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்? வேதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் தேவாலயப் பாடகர்கள் 288 பேர், பிரிவுக்கு 12 பேராக 24 பிரிவு, யார் எப்போது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பாட்டில் பயிற்சி பெற்றவர்கள் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது. அதே புத்தகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் கெனானியா என்பவர் பாட்டு கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறார், காரணம் அவர் அதில் நிபுணர். அபிஷேகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் காட்டுகிற 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரம், சகலமும் கிரமமாய் நடக்க வேண்டும் என்றுதான் முடிகிறது. கடைசி வசனம் வரை வாசியுங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். "நாங்கள் திட்டமே போடுவதில்லை" என்று சொல்கிற குழுக்கள்தான் வாராவாரம் ஒரே மாதிரி நடத்துகின்றன: இரண்டு வேகப் பாட்டு, இரண்டு மெதுவான பாட்டு, கடைசியில் கீபோர்டில் நீளமாக ஒரு பேட் சத்தம், அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம். அதுவும் திட்டம்தான், எழுதி வைக்காத திட்டம், யாரும் கேள்வி கேட்க முடியாத திட்டம். உண்மையில் ஆராதனையின் நடுவில் பாதையை மாற்ற முடிகிறவர்கள் ஒத்திகை பார்த்தவர்கள் மட்டுமே. பாஸ்டர் பிரசங்கத்தின் முடிவில் திடீரென்று வேறொரு பாட்டைத் தொடும்போது, சுருதி எது, எந்த வரியில் சேர வேண்டும் என்று ஒருவரையொருவர் பார்த்தே புரிந்துகொள்கிற குழு அப்படியே கூடச் செல்லும். ஒத்திகை இல்லாத குழு எந்த ஸ்வரக்கூட்டைப் பிடிப்பது என்று கார்டு தேடிக்கொண்டிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வழிபாட்டு முறைமை உள்ள சபைகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பட்டியல் தயார். 1992-இல் வந்த பொதுத் திருத்திய வாசக அட்டவணையைப் பின்பற்றுகிறவர்களுக்கு மூன்று வருஷத்துக்கான வாசகம் ஞாயிறுவாரியாக இருக்கிறது, முதல் வருஷம் மத்தேயு, இரண்டாவது மாற்கு, மூன்றாவது லூக்கா. இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு, வாசகத்துக்குப் பொருந்துகிறது என்று ஒரு பாமாலையின் எண்ணைப் போட்டுவிட்டு, அந்த ராகம் சபையில் யாருக்காவது தெரியுமா என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ராகம் தெரியாவிட்டால் அதே அசை அளவுள்ள தெரிந்த ராகத்தில் பாடுங்கள். 8.6.8.6 என்று பாட்டுக்கு மேலே போட்டிருப்பது வரிக்கு எத்தனை அசை என்று காட்டத்தான், அலங்காரத்துக்கு இல்லை.

இப்போது ஸ்கேல் விஷயம். சபை பாடாமல் போவதற்கு நான் பார்க்கிற முதல் காரணம் இதுதான். பயிற்சி இல்லாத சாதாரணக் குரல்கள் சிரமமில்லாமல் பாடக்கூடிய எல்லை குறுகியது: பெண்களுக்கு ஏறக்குறைய நடு சி-க்கு (கீபோர்டின் நடுவில் உள்ள சி ஸ்வரம்) கீழே உள்ள ஏ-யிலிருந்து, மேல் ஆக்டேவில் (ஸ்தாயியில்) இருக்கிற டி வரை; ஆண்களுக்கு அதே எல்லை ஒரு ஆக்டேவ் கீழே. எப்போதாவது ஒரு இ-யைத் தொட்டுவிட்டு இறங்கினால் பரவாயில்லை, பல்லவி முழுக்க அங்கேயே குடியிருந்தால் ஆகாது. நீங்கள் யூடியூபில் கேட்ட பதிவில் பாடுகிறவர் தேர்ந்த டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல், ஜி வரைக்கும் சுலபமாகப் போவார். அதே ஸ்கேலில் நீங்கள் நடத்தினால் ஆண்கள் பல்லவியில் கைவிடுவார்கள். பெண்கள் உங்களோடு அதே உயரத்தில் பாடினால் சரணத்தில் அடித்தொண்டையில் முனக வேண்டும், ஒரு ஆக்டேவ் மேலே போனால் பல்லவியில் கீச்சிட வேண்டும். பிறகு எங்கே பாடுவது?

"ஜி மேஜர் எல்லோருக்கும் வசதியான ஸ்கேல், பிரதர்" என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஸ்கேலின் பெயரைப் பார்க்காதீர்கள், மெட்டு தொடுகிற மிக உயர்ந்த ஸ்வரத்தைப் பாருங்கள். ஒரே ஜி மேஜரில் ஒரு மெட்டு டி-யோடு நின்றுவிடும், இன்னொன்று மேல் ஜி-யைத் தொடும். மேல் ஸ்வரம் டி-க்கு வருகிற மாதிரி இறக்குங்கள், கீழே ரொம்ப ஆழமாகப் போகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள், அவ்வளவுதான். பாட்டின் எல்லையே ஒன்றரை ஆக்டேவ் இருந்தால் அது தனிப்பாடலுக்கு எழுதினது, சபைக்குக் கொடுக்காதீர்கள், ஒருவர் பாட மற்றவர்கள் கேட்கட்டும், அதில் தப்பில்லை. காலை ஆராதனைக்கு இன்னும் அரை ஸ்வரம் இறக்கினாலும் நல்லது, தூங்கி எழுந்த தொண்டை அப்படித்தான். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. கிட்டார்காரர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள், தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போ கிளிப் ஸ்கேலை ஏற்றத்தான் செய்யும், இறக்காது, அதற்குக் கார்டு வடிவத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். "பதிவில் இருக்கிற அந்த ஃபீல் போய்விடும்" என்று தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். யாருக்கு ஃபீல்?

புதுப் பாட்டு விஷயத்தில் சங்கீதம் 33:3-ஐ எனக்கு எதிராக எடுத்துக் காட்டுவார்கள், புதுப்பாட்டைப் பாடுங்கள் என்று வேதமே சொல்கிறதே என்று. சொல்கிறது. அதே வசனத்தின் இரண்டாம் பாதியில் நேர்த்தியாய் வாசியுங்கள் என்றும் இருக்கிறது. ஓர் ஆராதனையில் ஒரு புதுப் பாட்டுக்கு மேல் வேண்டாம். அதையும் ஒரு வாரம் பாடிவிட்டுத் தூக்கிப் போடாமல் அடுத்தடுத்த வாரங்களில் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் வாரம் ஜனங்கள் உட்காரும்போது வெறும் இசையாக ஓடட்டும், அப்புறம் ஒருவர் பாடிக் காட்டட்டும். குழுவினர் அந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள், உங்களுக்கு அலுத்துப்போகிற நேரத்தில்தான் சபைக்கு அது மனப்பாடம் ஆக ஆரம்பிக்கும்.

சபையின் வாயை மூடுவது ஒன்றும் புதுசு இல்லை. நான்காம் நூற்றாண்டில் திருச்சபைத் தலைவர்கள் கூடிய லவோதிக்கேயா சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று ஒரு விதியே போட்டது. பாட்டைத் திரும்ப ஜனங்களின் மொழியில், ஜனங்களின் வாயில் கொண்டுவர லூத்தரும் கூட்டாளிகளும் 1524-இல் பாட்டுப் புத்தகங்கள் அச்சிட வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், வழிபாட்டில் மக்களின் முழுமையான பங்கேற்பைத்தான் வலியுறுத்தியது. இவ்வளவும் நடந்த பிறகு நாம் விதி எதுவும் போடாமலே ஸ்பீக்கரை வைத்து அதே காரியத்தைச் சாதித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆமாம், சத்தம். பக்கத்தில் நிற்கிறவர் பாடுவது கேட்கவில்லையென்றால் மனுஷன் தானாகவே பாடுவதை நிறுத்திவிடுவான். தன் குரலே தனக்குக் கேட்காதபோது யார் பாடுவார்கள்? மிக்சரில் உட்காருகிற சகோதரரே, ஹெட்போனைக் கழற்றிவிட்டு நடு வரிசையில் போய் நில்லுங்கள். பக்கத்து ஆளின் குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறையுங்கள். "சபையார் சத்தமாகப் பாடவில்லை, அதனால் நாங்கள் ஏற்றுகிறோம்" என்பது தலைகீழ். இதில் காது கெட்டுப்போகும் விஷயமும் இருக்கிறது. வேலையிடங்களுக்கு, தொழிலாளர் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்க நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். உங்கள் பாட்டு நேரம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிற அளவி துல்லியமாக இருக்காது, ஆனாலும் பயமுறுத்தும் அளவுக்குக் காட்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்களை ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். டிரம்ஸ் வாசிக்கிற பையன்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அந்த டிரம்ஸுக்கு மேலே கத்திக் கத்திப் பாடுகிறவர்களுக்கும் ஒன்று: தொண்டைக் கரகரப்பு நான்கு வாரம் தாண்டியும் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கிசுகிசுவென்று பேசுவது தொண்டைக்கு ஓய்வு இல்லை, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. ஜெபித்துக்கொள்ளுங்கள், கூடவே போய்க் காட்டுங்கள்.

திரையில் வரிகள் போடுகிறவரை யாரும் குழுவில் ஒருவராக நினைப்பதில்லை. அவரையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். ஸ்லைடை வரி முடிந்த பிறகு மாற்றினால் தாமதம், கடைசி வார்த்தைகளைப் பாடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும், அப்போதுதான் அடுத்த வரியைக் கண் பிடிக்கும். எழுத்துப் பிழையைச் சனிக்கிழமையே பாருங்கள். உரிமம் பற்றியும் ஒரு வரி: பல நாடுகளில் ஆராதனையில் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு, அமெரிக்கச் சட்டத்திலும் உண்டு, ஆனால் வரிகளைப் பிரதி எடுப்பதும் நேரலையில் விடுவதும் அந்த விலக்குக்குள் வராது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டியல் போடும்போது இதையும் யோசியுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். எல்லாப் பாட்டும் ஜெயம், ஆனந்தம், துள்ளல். கடைசி வரிசையில் உட்காருவதால் நான் பார்க்கிறேன், சென்ற வாரம் வீட்டில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் அங்கே நிற்கிறார், கையைத் தட்டுங்கள் என்று மேடையிலிருந்து சொல்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தின் 150-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்தான். கர்த்தாவே, எதுவரைக்கும் என்று கேட்கிற 13-ஆம் சங்கீதம் நம் ஆராதனையில் எந்தப் பாட்டாக வருகிறது? மாதத்தில் ஒரு பாட்டாவது அப்படித் துக்கத்தோடு நிற்கிறவர் வாயில் வைத்துப் பாட முடிகிற மாதிரி இருக்கட்டும். பாவ அறிக்கை முடிந்த மறு நொடியில் டிரம்ஸ் ரோல் வேண்டாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் குட்டிப் பிரசங்கமும் வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறார்.

அந்த ஆளுக்கு, அதாவது பாஸ்டர்மாருக்கு: இதில் பாதிக் குற்றம் உங்களுடையது. ஆராதனைக் குழுவுக்குத் திட்டம் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் வேதபகுதியை உங்கள் மனதிலேயே வைத்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். தலைப்பு இன்னும் முடிவாகவில்லையா, பரவாயில்லை, எந்த அதிகாரம் என்று மட்டும் சொன்னால்கூடப் போதும்.