யாப்புறு முடியாட்சி: சொல் விளக்கம்

பிரிட்டன், ஜப்பான், நார்வே, மலேசியா பற்றி எழுதும்போது 'அங்கே இன்னும் மன்னராட்சி நடக்கிறது' என்று சாதாரணமாக எழுதிவிடுகிறோம். இது தவறு. அந்த நாடுகளில் மன்னர் இருக்கிறார். ஆட்சி அவரிடம் இல்லை. மன்னராட்சி என்றால் மன்னர் ஆள வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே 'முடியாட்சி' என்று இன்னொரு சொல் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அப்படிப் போடக்கூடாது என்பது என் கட்சி. மன்னர் இருந்தும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டிருக்கும் இந்த முறையை ஆங்கிலத்தில் 'கான்ஸ்டிடியூஷனல் மோனார்க்கி' என்பார்கள். அதற்கு நான் வைக்கும் சொல்தான் யாப்புறு முடியாட்சி.

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'மோனார்க்கி' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'மோனோஸ்' என்றால் ஒற்றை, 'ஆர்க்கே' என்றால் தலைமை. ஒருவன் கையில் ஆட்சி என்று பொருள். இதற்கு அச்சு அசலாகப் பொருந்தும் சொல் வடமொழி வழியாக நமக்கு வந்தது: ஏகாதிபத்தியம். ஏகம் ஒன்று, ஆதிபத்தியம் தலைமை. ஆனால் தமிழில் அது வழிமாறி, ஒரு நாடு பிற நாடுகளை அடக்கி ஆள்வதற்குப் பெயராகிவிட்டது. இனி அதைத் திருப்பி அழைக்க வேண்டியதில்லை, நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது.

'மோனார்க்கி' ஆளைச் சொல்கிறது. 'முடியாட்சி' ஆளைச் சொல்வதில்லை, தலையில் இருப்பதைச் சொல்கிறது. முடித்தல் என்றால் கட்டுதல். கூந்தலை முடிக்கிறோம், பூ முடிக்கிறோம், கயிற்றில் முடிச்சுப் போடுகிறோம். தலைமயிரும் முடி, மகுடமும் முடி. சேர சோழ பாண்டியரை 'முடியுடை மூவேந்தர்' என்பது பழைய வழக்கு. மன்னன் இறந்தாலும் முடி இருக்கும், அடுத்த தலைக்குப் போகும். பிரிட்டனில் குற்ற வழக்குகள் இன்றும் முடியின் பெயரில்தான் நடக்கின்றன. 'கிரவுன்' என்றால் அங்கே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு என்று பொருள். மனிதரிலிருந்து முடியைப் பிரித்துப் பார்க்கும் அந்த நுட்பம் நம் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, 'கான்ஸ்டிடியூஷனல்' என்ற அடைமொழிக்கு என்ன செய்வது? அரசியலமைப்பு முடியாட்சி, அரசியல்சட்ட முடியாட்சி, வரையறுக்கப்பட்ட முடியாட்சி எனப் பல உண்டு. முதல் இரண்டும் சொல்லுக்குச் சொல் வைத்தவை. சட்டத்துக்கும் முடிக்கும் என்ன உறவு என்பதை அவை சொல்வதில்லை. மூன்றாவது உறவைச் சொல்கிறது, ஆனால் யார் வரையறுத்தார் என்பதை விட்டுவிடுகிறது.

இலங்கைத் தமிழில் இதற்கு அழகான வழி இருக்கிறது. அங்கே அரசியலமைப்பை 'அரசியல் யாப்பு' என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் யாப்பு என்றதும் வெண்பாவும் ஆசிரியப்பாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் யாத்தல் என்பதற்கும் கட்டுதல் என்றே பொருள். எழுத்தையும் அசையையும் கட்டினால் செய்யுள் யாப்பு, அதிகாரங்களைக் கட்டினால் அரசியல் யாப்பு. தலையில் கட்டியது முடி, அந்த முடியையே கட்டியது யாப்பு. ஆகவே யாப்புறு முடியாட்சி. இதற்கு எதிர்நிலை வரம்பிலா முடியாட்சி.

இந்தக் கட்டு ஒரே நாளில் போடப்பட்டதில்லை. 1689-இல் இங்கிலாந்தின் உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் வரி விதிக்கவோ சட்டத்தை நிறுத்திவைக்கவோ கூடாது என்றது. 1708-இல் ஆன் அரசி ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். அதற்குப் பிறகு அங்கே எந்த மன்னரும் மறுத்ததில்லை. 1791-இல் பிரான்சின் யாப்பு பதினாறாம் லூயியின் பட்டமே மாறியதை உறுதி செய்தது. 'பிரான்சின் மன்னர்' போய் 'பிரெஞ்சு மக்களின் மன்னர்' வந்தது. மண்ணுக்கு உடையவர் என்ற நிலை மாறி மக்களுக்கு உரியவர் ஆனார். பெல்ஜியத்தில் 1831 முதல் இன்றுவரை பட்டம் 'பெல்ஜியர்களின் மன்னர்' என்பதுதான்.

கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கும் பெல்ஜியமே சான்று. 1990-இல் அங்கே கருக்கலைப்புக்கு வழிவிடும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மன்னர் போதுவான் ஆழ்ந்த கத்தோலிக்கர், கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. நாட்டில் மனச்சாட்சிச் சுதந்திரம் மன்னரைத் தவிர எல்லோருக்கும் உண்டா என்று பிரதமருக்கு எழுதினார். அமைச்சரவை அவரை ஆள இயலாதவர் என்று அறிவித்து, தானே கையெழுத்திட்டுச் சட்டத்தை வெளியிட்டது. அடுத்த நாள், ஏப்ரல் 5 அன்று, நாடாளுமன்றம் கூடி அவரை மீண்டும் அமர்த்தியது. ஒரு மனிதரின் மனச்சாட்சியும் கெடவில்லை, மக்கள் இயற்றிய சட்டமும் தடைபடவில்லை.

அப்படியானால் அந்த முடி எதற்கு? 1867-இல் வால்டர் பாஜெட் என்ற ஆங்கிலேயர், மன்னருக்கு மூன்று உரிமைகள் மிச்சம் என்று எழுதினார்: அமைச்சர்கள் அவரைக் கலந்தாலோசிக்க வேண்டும், அவர் ஊக்கம் தரலாம், எச்சரிக்கலாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வள்ளுவர்தான் நினைவுக்கு வருவார்.

இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பார் இலானும் கெடும்.

தவறு செய்யும்போது இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன், பகைவன் இல்லாமலே கெடுவான் என்கிறது குறள். யாப்புறு முடியாட்சியில் இந்த இருக்கைகள் இடம் மாறிவிடுகின்றன. ஆள்பவர் பிரதமர், இடிப்பவர் மன்னர். பழைய அரசனின் இரண்டு அடையாளங்கள் முடியும் கோலும். இங்கே முடி ஒருவர் தலையில், கோல் இன்னொருவர் கையில். கோலைப் பிடித்தவர் முடியையும் சூடிக்கொள்ள முடியாது என்பதே இந்த முறையின் பயன். ஆள்பவரை நாட்டின் உருவமாகவே கும்பிடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 20-ஆம் நூற்றாண்டு நிறையவே பார்த்தது.

நார்வேயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1905-இல் சுவீடனிடமிருந்து பிரிந்ததும் டென்மார்க் இளவரசர் கார்லை மன்னராக அழைத்தார்கள். மக்களைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் வருகிறேன் என்றார் அவர். வாக்கெடுப்பில் சுமார் 79 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஏழாம் ஹாக்கன் என்ற பெயரோடு முடி ஏற்றார். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நுழைந்தது. நார்வேயின் நாஜி ஆதரவாளரான குவிஸ்லிங்கைப் பிரதமராக்குங்கள் என்று ஜெர்மன் தூதர் மன்னரிடம் நேரில் கேட்டார். ஹாக்கன் தம் அமைச்சர்களைக் கூட்டி, முடிவு உங்களுடையது, ஆனால் ஏற்பதென்று நீங்கள் தீர்மானித்தால் நான் முடி துறப்பேன் என்றார். அமைச்சரவை மறுத்துவிட்டது. மறுநாளே அவர்கள் இருந்த நீபெர்க்சுண்ட் மீது குண்டு விழுந்தது, மன்னர் பனிக்காட்டுக்குள் ஒதுங்கினார். அவர் அங்கே எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடித்துரைத்தார், அவ்வளவுதான்.

எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். 1922 அக்டோபரில் முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கி வந்தபோது, முற்றுகை நிலை அறிவிக்கும் ஆணையை அமைச்சரவை தயாராக வைத்திருந்தது. இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்து, முசோலினியை ஆட்சி அமைக்க அழைத்தார். 1946-இல் இத்தாலியர்கள் வாக்களித்து முடியையே எடுத்துவிட்டார்கள். சரியாகச் செய்தார்கள். யாப்பு இருந்தும் முடி தன் வேலையைச் செய்யாவிட்டால் இந்த முறைக்காக வாதாட ஒன்றும் மிஞ்சாது. எடுத்துவிடும் உரிமை மக்களிடம் இருப்பதுதான் இதை ஏற்கத்தக்கதாக ஆக்குகிறது. பூட்டானின் 2008 யாப்பு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: மன்னர் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும்; நாடாளுமன்றமும் மக்கள் வாக்கெடுப்பும் சேர்ந்து அவரை இறக்கவும் முடியும்.

தமிழர்களில் இந்த முறையின் கீழ் இன்று வாழ்பவர்களில் மலேசியத் தமிழர்களும் உண்டு. அவர்கள் நாட்டின் மன்னரை 'மாமன்னர்' என்றும் 'பேரரசர்' என்றும் எழுதுகிறார்கள். ஒன்பது மாநில அரச மரபினரிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் பதவி அது. 2022 நவம்பர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் ஐந்து நாள் இழுபறி. கட்சித் தலைவர்களை அரண்மனைக்கு அழைத்துப் பேசி, அன்வார் இப்ராஹிமை நியமித்தவர் மாமன்னர். அப்போதும் தமக்குப் பிடித்தவரை நியமிக்க அவருக்கு உரிமை இல்லை. மக்களவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யார் என்று கண்டறிவதே யாப்பு தந்த வேலை.

நாமும் இதற்கு அந்நியர்கள் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவும் ஒரு யாப்புறு முடியாட்சிதான். ஆறாம் ஜார்ஜ் மன்னர், அவருடைய பிரதிநிதியாக இருந்த கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இலங்கையில் இது 1972 மே 22 வரை நீடித்தது.

கடைசியாக வழக்கு பற்றி. நாட்டைச் சொல்ல 'முடியரசு', முறையைச் சொல்ல 'முடியாட்சி'. குடியரசு, குடியாட்சி என்ற இணைகளோடு அவை ஒத்துப் போகும். ஸ்பெயினின் 1978 யாப்பு தன்னை 'நாடாளுமன்ற முடியாட்சி' என்கிறது, அதை அப்படியே எழுதலாம். மன்னரே ஆளும் சவூதி அரேபியா போன்ற நாடுகளுக்கு மட்டும் 'மன்னராட்சி' இருக்கட்டும். நார்வேக்கு அந்தச் சொல்லைப் போட வேண்டாம்.