பணவீக்கம் என்னும் சொல்லும் விலையேற்றமும்

2024 ஆகஸ்ட் மாத நடுவில் ஒரு காலைப் பொழுது. எங்கள் தெருமுனைத் தேநீர்க்கடையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், பணவீக்கம் 3.54 விழுக்காடாகக் குறைந்தது என்ற செய்தியை உரக்கப் படித்துவிட்டு, "எல்லாம் குறைஞ்சிடுச்சாமே, உங்க டீ மட்டும் ஏன் அண்ணாச்சி குறையல?" என்று கடைக்காரரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் விலைப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். பலகையில் 10 என்று எழுதியிருந்த இடத்தின் மேல் 12 என்று அச்சிட்ட தாள்துண்டு ஒட்டப்பட்டிருந்தது; ஆவி பட்டு அதன் ஒரு மூலை சுருண்டிருந்தது. பெரியவர் மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டார். அந்தச் செய்தியைத் தமிழறிந்த எவர் படித்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், ஏனெனில் 'பணவீக்கம் குறைந்தது' என்ற தொடர் தமிழ்க் காதுக்குத் தரும் பொருள் வேறு, பொருளியலார் அதனால் குறிக்கும் பொருள் வேறு.

பொருளியலார் குறிப்பது இதுதான். ஒரு குடும்பம் வாங்கும் பண்டங்களையும் பெறும் சேவைகளையும் ஒரு கூடையாகக் கொண்டு, அந்தக் கூடைக்குச் சென்ற ஆண்டு இதே மாதம் என்ன விலை, இந்த ஆண்டு என்ன விலை என்று ஒப்பிடுகிறார்கள். விலை எத்தனை விழுக்காடு கூடியது என்ற எண்ணையே பணவீக்க வீதம் என்கிறார்கள். ஆகவே அந்த எண் விலையைச் சொல்வதில்லை. விலை ஏறும் வேகத்தைச் சொல்கிறது. மாடிப்படி ஏறுகிறவர் நடையைத் தளர்த்தினால் அவர் இறங்கிவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தேநீர்க்கடைப் பெரியவர் படித்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் தக்காளி விலை பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, இந்தியாவின் சில்லறை விலையேற்றம் 7.44 விழுக்காடாக இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அது 3.54 என்று அறிவிக்கப்பட்டது. 2022 ஜூலையில் 100 ரூபாய்க்குக் கிடைத்த கூடை, முதலாண்டில் 107 ரூபாய் 44 காசாகவும், இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ 111 ரூபாய் 24 காசாகவும் ஆனது. 'குறைந்தது' என்று செய்தி வந்த மாதத்தில் மக்கள் முன்னைவிடக் கூடுதலாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டின் விலை ஏற்கெனவே உயரத்தில் இருந்ததால், அதனோடு ஒப்பிட்ட எண் சிறியதாகத் தெரிந்தது, அவ்வளவே.

இலங்கையில் இந்த வேறுபாடு இன்னும் வலி தருவதாக இருந்தது. இத்தகைய கூடையின் விலையை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் விலையேற்றம் 69.8 விழுக்காடு, உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 விழுக்காடு. சரியாக ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், அது 1.3 விழுக்காடாக இறங்கியது. இடையில் சுட்டெண் ஒப்பீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளும் அடிப்படை ஆண்டு மாற்றப்பட்டதால் தோராயமாகவே கணக்கிட முடியும் என்றாலும், 2021 செப்டம்பரில் 100 ரூபாயாக இருந்த செலவு ஓராண்டில் 170 ரூபாயாகி, அடுத்த ஆண்டில் 172 ரூபாயாகி நின்றது என்று கொள்ளலாம். பணவீக்கம் எழுபதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது என்று கேட்ட ஒரு குடும்பத் தலைவி சந்தைக்குப் போய் அரிசியின் விலையைப் பார்த்திருந்தால், புள்ளிவிவரம் பொய் சொல்கிறது என்றுதான் நினைத்திருப்பார். புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை, சொல் வழிமாற்றிவிட்டது.

இந்தச் சொல் நமக்கு எப்படி வந்தது? ஆங்கிலத்தின் 'இன்ஃப்ளேஷன்' இலத்தீனின் 'இன்ஃப்ளாரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. 'உள்ளே ஊது' என்பது அதன் பொருள். முதலில் உடல் உப்புவதையும் காற்று நிரம்பிப் பருப்பதையும் குறித்த அச்சொல், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பணத்தைப் பற்றிய பேச்சுக்குள் நுழைந்தது. அங்கே அது தாள்பணத்தின் பருமனைக் குறித்தது. கையிருப்பில் உள்ள பொன், வெள்ளியின் அளவுக்கு மேல் நோட்டுகளை வெளியிட்டால், நாணயம் ஊதப்பட்டது என்றார்கள். 1862இல் உள்நாட்டுப் போரின் செலவுக்காக அமெரிக்க அரசு, பொன்னாக மாற்றித் தரும் உறுதி இல்லாத நோட்டுகளை அச்சிட்டபோது, பின்பக்கம் பச்சை மையில் அச்சானதால் 'கிரீன்பேக்' என்று பெயர்பெற்ற அந்த நோட்டுகளைச் சுற்றியே இச்சொல் பெரிதும் புழங்கியது. ஆக, ஊதப்பட்டது பணம். விலை உயர்ந்தது அதன் விளைவு. 20ஆம் நூற்றாண்டில் சொல் மெல்ல நகர்ந்து, காரணத்தை விட்டு விளைவின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது. இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு விலையுயர்வு என்றே பொருள். உள்ளே இருக்கும் ஊதுதல் யாருக்கும் கேட்பதில்லை.

இந்திய மொழிகள் அதை மொழிபெயர்த்தபோது பழைய பொருளைப் பிடித்துக்கொண்டன. இந்தியின் 'முத்ராஸ்பீதி', மலையாளத்தின் 'பணப்பெருப்பம்', கன்னடத்தின் 'ஹணதுப்பர' ஆகிய மூன்றும் பணம் பருத்தலையே சொல்கின்றன. தமிழிலும் 'பணப்பெருக்கம்' என்று சிலர் எழுதியதுண்டு. ஆனால் நிலைத்தது பணவீக்கம். பெருக்கம் என்றாலாவது அளவு கூடியது என்ற நடுநிலையான பொருள் இருந்திருக்கும். வீக்கம் என்றதும் நம் மனத்தில் எழுவது நோய்.

வீங்கு என்ற வினை பழைய இலக்கியத்தில் பெருகுதல், பருத்தல், இறுகுதல் என்ற பொருள்களில் வந்தாலும், இன்றைய பேச்சில் வீக்கம் என்பது அடிபட்ட காலிலும் பல்வலி கண்ட கன்னத்திலும் தோன்றுவது. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்ற பழமொழி கூட அளவுக்கு மீறியதை மனத்தில் வைத்துப் பிறந்ததே. வீக்கத்துக்கு ஓர் இயல்பு உண்டு: அது வடியும். வடிந்தால் கால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கணுக்கால் வீக்கம் குறைந்தது என்று மருத்துவர் சொன்னால், கால் முன்னைவிட மெதுவாகப் பருக்கிறது என்று எவரும் பொருள் கொள்ள மாட்டோம். இதே வழக்கைப் பணத்துக்கும் கொண்டுசெல்லும்போது, பணவீக்கம் குறைந்தது என்றால் விலை பழைய நிலைக்கு வந்துவிட்டது என்ற எண்ணம் தானாகவே உருவாகிவிடுகிறது. பெரியவரின் கேள்விக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. சொல்லின் உருவகமே தவறான விடையைச் சொல்லித்தருகிறது.

(அறிவியலில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு வீக்கம் நன்றாகவே பொருந்துகிறது. பேரண்டம் பிறந்த உடனே, ஒரு நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள், அண்டவெளி பெருமடங்கு விரிந்தது என்ற கருத்தை இயற்பியலாளர் ஆலன் கூத் 1981இல் கட்டுரையாக வெளியிட்டபோது அதற்கு 'இன்ஃப்ளேஷன்' என்று பெயரிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் விலையேற்றம் சராசரியாக 13.5 விழுக்காடாக இருந்ததால், அச்சொல் எல்லோர் வாயிலும் இருந்த காலம் அது. அங்கே பருத்தது அண்டவெளிதான் என்பதால், 'பெருவீக்கம்' என்று தமிழில் சொன்னால் பிழையில்லை.)

பணவீக்கம் என்ற சொல்லில் இரண்டாவது குறை ஒன்றும் உண்டு. விலை ஏன் ஏறியது என்ற வழக்குக்கு அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 2023 ஜூலையில் காய்கறி விலை ஓராண்டில் 37 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதற்கு, விளைச்சல் கெட்டதும் வரத்துக் குறைந்ததும் காரணங்கள். அந்த மாதத்தில் ரூபாய் நோட்டு எதுவும் வீங்கிவிடவில்லை. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட இந்திய விலைக் குறியீட்டில் உணவும் பானங்களும் 45.86 விழுக்காடு பங்கு பெற்றிருந்தன. ஒரு மழையோ ஒரு வறட்சியோ குறியீட்டை அசைக்கப் போதும். நெடுங்கால விலையேற்றத்துக்குப் பணப்புழக்கமே காரணம் என்று வாதிடும் பொருளியலார் உண்டு. அவர்கள் வாதம் வலுவானது. ஆனால் அது வாதமாக இருக்க வேண்டுமே தவிர, நிகழ்வின் பெயராக இருக்கக்கூடாது.

பணத்தின் மதிப்புக் குறைவதைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் பாடிய பதிகம் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று தொடங்குகிறது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுது படைக்க இறைவன் நாள்தோறும் பொற்காசு அளித்தார் என்றும், அப்பரின் காசு முழு மதிப்புக்குச் செல்ல, சம்பந்தரின் காசுக்கு மட்டும் கடைக்காரர்கள் வட்டம் கழித்ததால் அமுது படைக்கக் காலம் தாழ்ந்தது என்றும் அவர் வரலாறு கூறும். அப்படிக் கழிக்கப்பட்ட குறையே வாசி. காசு ஒன்றுதான், அதன் முகமும் ஒன்றுதான், கடையில் அது வாங்கித் தருவது மட்டும் குறைவு என்ற நிலைக்கு 7ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பெயர் இருந்திருக்கிறது. 5 ரூபாய் விலை மாறாமல் எடை மட்டும் குறைந்துவரும் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசி நினைவுக்கு வருகிறது.

மக்கள் வழக்கோ எப்போதும் விலையையே பார்த்துப் பேசியிருக்கிறது. ஆனை விலை குதிரை விலை சொல்கிறான் என்கிறோம். விலைவாசி ஏறிவிட்டது என்கிறோம். இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும்: விலைவாசி என்பது இருக்கும் நிலை, ஏற்றம் என்பது அந்த நிலையில் நிகழும் மாற்றம். பொருளியலுக்கு வேண்டிய இரண்டும் தனித்தனிச் சொற்களாக நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. மலையாளத்தார் அன்றாடப் பேச்சில் 'விலக்கயற்றம்' என்பதும், இந்திச் செய்திகளில் முத்ராஸ்பீதியைவிட 'மஹங்காயி' என்ற வீட்டுச் சொல் மிகுதியாகப் புழங்குவதும் இதே இயல்பினால்தான்.

ஆகவே 'இன்ஃப்ளேஷன்' என்பதற்கு விலையேற்றம் என்றும், அதன் வீதத்துக்கு விலையேற்ற வீதம் என்றும் எழுதுவதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்றம் தணியலாம், ஏறிய உயரம் அப்படியே நிற்கும். உருவகம் உண்மையோடு ஒத்துப்போகிறது. ஏறும் வேகம் குறைவதை விலையேற்றத் தணிவு என்றும், விலைகள் மெய்யாகவே கீழே வருவதை விலையிறக்கம் என்றும் பிரித்துச் சொல்லலாம். பின்னதற்குப் பாடநூல்களில் வழங்கும் பணவாட்டம் என்ற சொல், கையில் காசில்லாத வறுமையை நினைவூட்டுவதால் மேலும் குழப்புகிறது. பொருளாதாரம் தேங்கி நிற்க விலை மட்டும் ஏறும் நிலைக்கு, 1965இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இயன் மக்லியோட் பயன்படுத்திய 'ஸ்டாக்ஃப்ளேஷன்' என்ற ஒட்டுச்சொல்லைத் தழுவித் தேக்கவீக்கம் என்று எழுதுகிறோம். தேக்கநிலை விலையேற்றம் என்றால் சற்று நீளம், ஆனால் விளங்கும்.

பணவீக்கத்தை அகராதியிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு ஜெர்மனி வந்ததே, அங்கே அச்சகங்கள் இரவு பகலாக நோட்டடித்துப் பணத்தையே வீங்கச் செய்தன. அதற்குப் பணவீக்கம் என்ற பெயர் முற்றிலும் தகும். காரணம் பணம்தான் என்று தெளிவாகத் தெரியும் இடங்களுக்கு அச்சொல்லை ஒதுக்கிவைப்பது நல்லது.

நிலைத்துவிட்ட சொல்லை எதற்கு மாற்ற வேண்டும், தேர்வு எழுதும் மாணவர் குழம்புவாரே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் இந்த எண் இன்று தேர்வறைக்கு வெளியே பெரிய வேலை செய்கிறது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டது முதல், விலையேற்றத்தை 4 விழுக்காட்டில், இருபுறமும் 2 விழுக்காடு இடைவெளி விட்டு, வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் இலக்காக இருக்கிறது; வீட்டுக்கடனின் வட்டி வரை அதைப் பொறுத்து மாறுகிறது. அந்த இலக்கு முழுமையாக நிறைவேறினாலும், ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறும் விலை ஏறத்தாழ 18 ஆண்டுகளில் இரு மடங்காகும். இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தேநீர்க்கடைப் பெரியவருக்கும் உண்டு. அன்றைய செய்தி 'விலையேற்றம் 3.54 விழுக்காடாகத் தணிந்தது' என்று வந்திருந்தால், அவர் அண்ணாச்சியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். 'விலை குறைந்தது' என்று எழுதத் தகுந்த மாதங்களும் வரும். 2024 செப்டம்பரில் கொழும்புச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 0.5 விழுக்காடு கீழே வந்தபோது, 172 ரூபாய்க் கூடை ஏறத்தாழ 171 ரூபாய் ஆயிற்று.