மட்குரம்: கம்போஸ்டுக்கு நம்மிடம் உள்ள சொல்

திருநெல்வேலித் தெருக்களில் காலையில் வரும் குப்பை வண்டியில் ‘மக்கும் குப்பை’, ‘மக்காத குப்பை’ என்று எழுதியிருப்பதை நாள்தோறும் படிக்கிறோம். அதில் மக்கும் குப்பையை வண்டிக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே ஒரு வாளியில் சேர்த்துச் செடிக்குப் போடத் தொடங்குகிறவர்கள், அந்த வாளியைக் ‘கம்போஸ்ட் பின்’ என்றும் அதில் விளைவதைக் ‘கம்போஸ்ட்’ என்றும் சொல்கிறார்கள். வினைக்குத் தமிழ்ச்சொல் வண்டி வண்டியாகப் புழங்கும்போது, அந்த வினையால் கிடைக்கும் பொருளுக்கு மட்டும் பிறமொழிச் சொல் எதற்கு என்ற கேள்வியே இவ்விளக்கத்துக்குக் காரணம்.

கம்போஸ்ட் என்பதன் வேர் லத்தீனில் உள்ள ‘கொம்போனெரே’ என்னும் வினை. ஒன்றாகச் சேர்த்து வைத்தல் என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல் முதலில் பழங்களைச் சேர்த்து வேகவைத்த பண்டத்தையும் பொதுவாகக் கலவையையும் குறித்தது. நிலத்துக்கு இடும் எருவைக் குறிப்பது 16ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. பிரெஞ்சில் ‘கொம்போத்’ இன்றும் இனிப்புப் பண்டந்தான். வேளாண்மை அறிவியலில் இச்சொல் இந்தியாவில் வேரூன்றியதற்கு, 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவார்ட், கழிவை எருவாக்குவதற்கு வகுத்த ‘இந்தூர் முறை’ ஒரு முக்கியக் காரணம்.

சேர்த்து வைத்தது என்னும் இதே பொருளில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. ‘குப்பை’ என்றால் முதலில் குவியல். சங்கப் பாடல்களில் உப்பின் குவியலும் குப்பைதான், சிவகங்கைச் சீமையில் நெற்குப்பை என்று ஓர் ஊரே இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்து விவசாயி இன்றும் ‘வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?’ என்று கேட்டால், வண்டியில் எரு கொண்டுபோய்க் கொட்டியாயிற்றா என்றே பொருள். அவருக்கு ‘உரம்’ என்பது கடையில் மூட்டையாக வாங்கும் யூரியாவும் டி.ஏ.பி.யும். ஊர்ப்புறத்தில் செல்வமாக இருந்த குப்பை நகரத்துக்குள் வந்ததும் கழிவாகிவிட்டதால், இனி அதை மீட்டுக் கம்போஸ்டுக்குச் சூட்டுவது நடவாத காரியம்.

‘எரு’ பழமையான சொல். ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்பது குறள். ஆனால் எருமுட்டை, எருவாட்டி ஆகிய சொற்களில் தெரிவதுபோல அதில் சாணத்தின் வாடை நீங்கவில்லை. ‘தொழுவுரம்’ மாட்டுத் தொழுவிலிருந்து வருவது. மாடே இல்லாத மாடிவீட்டு வாளிக்கு அது பொருந்தாது. இலங்கைத் தமிழர் ‘கூட்டெரு’ என்கிறார்கள். லத்தீன் வேருக்கு அவ்வளவு நேரான சொல் வேறில்லை என்றாலும், அது கூட்டுவதைச் சொல்கிறதேயொழிய, கூட்டியபின் உள்ளே நடப்பதைச் சொல்லவில்லை. நடப்பதைச் சொல்வது ‘மட்கு’ என்னும் வினை.

மட்குதல் என்றால் ஒளி மழுங்குதல், வலிமை குன்றுதல், மண்ணோடு மண்ணாகச் சிதைதல். உட்கார் என்பது பேச்சில் உக்கார் ஆவதுபோலவும், வெட்கம் வெக்கம் ஆவதுபோலவும் மட்கு மக்கு ஆயிற்று. அறிவு மழுங்கியவன் என்னும் பொருளில் பள்ளிக்கூடத்து வசைச்சொல்லானதும் இதே மக்குதான். இந்த வினையோடு உரத்தைச் சேர்த்தால் கம்போஸ்டுக்குச் சொல் கிடைத்துவிடும். ‘மக்குரம்’ என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள் ‘மட்குரம்’ என்று எழுதலாம், நானும் எழுத்தில் அதையே விரும்புகிறேன்.

கெட்டுப்போவதற்குத் தமிழில் ஒரே வினை இல்லை. குழம்பு ஊசும், மாவு புளிக்கும், தக்காளி அழுகும், உத்தரம் உளுக்கும், பழந்துணி இற்றுப்போகும், சருகு மக்கும். இவற்றில் அழுகுவதையும் மக்குவதையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பாதி. பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, காய்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் வடிகட்டாத சோற்றையும் பத்து நாள் போட்டு இறுக மூடிவைத்தேன். துளைகளில் கறுப்பு நீர் வடிந்து, நாற்றம் படிக்கட்டு வரை இறங்கியது. அடுத்த வீட்டு ஆச்சி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘ஏ ஐயா, இது எங்க மக்குது, அழுகுல்லா செய்யுது! நாலு கை செத்தையை அள்ளிப் போட்டுக் கிளறி விடு’ என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். காற்று புகாத ஈரக்குவியலில், ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிரிகள் பெருகி, நாறும் வாயுக்களையும் அமிலங்களையும் வெளிவிடுகின்றன, அது அழுகல். காற்று புகும் குவியலில் வேறு நுண்ணுயிரிகளும் பூஞ்சைகளும் வேலை செய்து, வெப்பத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிட்டு மண்வாசனையுள்ள பொருளை விட்டுவைக்கின்றன, அது மட்குதல். செத்தை என்று இங்கே சொல்லப்படும் காய்ந்த இலைதழை, குவியலுக்குள் காற்றுக்கு இடம் விடுவதோடு கரிமச்சத்தையும் (கார்பன்) தருகிறது. கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்ற அளவை ஒட்டி இருந்தால் மட்குதல் சீராக நடக்கும். வீட்டுக் கணக்கில், ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு வேப்பஞ்சருகோ நறுக்கிய காய்ந்த வாழைச்சருகோ போதும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். மீன் கழிவும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். நாற்றத்துக்கும் எலிக்கும் அவையே அழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாளியை நனையாத இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

இலக்கணத்திலும் மட்குரத்துக்கு ஒரு பொருத்தம் உண்டு. அது ஊறுகாயைப் போல வினைத்தொகை: மட்கிய உரம், மட்குகின்ற உரம், மட்கும் உரம் என மூன்று காலத்தையும் தன்னுள் அடக்கியது. இரண்டு மாதமான வாளியைச் சாய்த்துக் கொட்டினால் அந்த மூன்று காலமும் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே நேற்றுப் போட்ட புடலங்காய்க் குடல், நடுவே பூஞ்சை படர்ந்து இளஞ்சூட்டோடு இருக்கும் தோலும் சருகும், அடியில் எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கறுத்த தூள். அடியில் உள்ளதைச் சலித்து ரோஜாத் தொட்டிக்கு இட்டு, சல்லடையில் நின்றுவிடும் முட்டை ஓட்டையும் மாங்கொட்டையையும் மறுபடி வாளியில் போட வேண்டும்; தேங்காய்ச் சிரட்டைத் துண்டு கிடந்தால் அதை மட்டும் அடுப்புக்கு எடுத்துவிடலாம்.