ஆறாவது வாரம் தாயிடமும் கேளுங்கள்

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் குழந்தையை எடை பார்க்கிறோம், பால் போதுகிறதா என்று கேட்கிறோம். தூக்கிக்கொண்டு வந்தவளையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அதைவிடத் தோதான நாள் கிடையாது.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறிய இரண்டொரு நாளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மடமடவென்று இறங்கிவிடும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறதே, அது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும். இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். ஹார்மோன் எல்லோருக்கும்தான் இறங்குகிறது. சிலருக்கு மட்டும் அடங்காமல் போவதற்கு முன்பே இருந்த மனச்சோர்வு ஒரு காரணம். இன்னொரு பெரிய பங்கு வீட்டுக்குள் இருக்கிறது.

ஆந்திர எல்லையை ஒட்டிய வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். வருமானக் குறைவு, பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், ஒத்தாசைக்கு ஆளில்லாதது எல்லாம் இதோடு சேர்ந்து வந்தன. மாமியாரோடு மட்டுமல்ல, பெற்றோரோடு இருந்த மனக்கசப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மா வீட்டில்தானே இருக்கிறாள் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கைக்கு ஆள் இல்லையென்றால் முதலில் பறிபோவது தூக்கம். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் திரும்பப் படுக்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மிஞ்சுவது துண்டு துண்டான தூக்கம். வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, தொடர்ந்து 4 மணி நேரம் அவளைத் தூங்க விடுவது. இரவு 10 மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையைக் கணவர் வாங்கிக்கொள்ளட்டும். இடையில் அழுதால், முன்பே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர்ச்சி போக்கிப் பாலாடையில் புகட்டலாம். நம்மூர் வெயிலில் அதை வெளியே வைக்க வேண்டாம்.

தாய் வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது இந்த ஒத்தாசை ஒரே நாளில் அறுந்துபோகிறது. ஆந்திரத்துச் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டுக் காட்பாடிக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குப் பேச்சுத் துணையும் சேர்ந்து போகும். அந்த மாதமும் ஒருமுறை விசாரிக்க வேண்டும்.

கேட்பதற்கு எடின்பரோ வினாத்தாள் இருக்கிறது. 1987இல் வந்தது, தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 10 முதல் 12 என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி கேட்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது கேட்கும் இடத்தில். மாமியார் பக்கத்தில் நிற்க, "நல்லா இருக்கியாம்மா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். தனியாக உட்காரவைத்து, அவள் தன் அம்மாவிடம் பேசும் மொழியில், "குழந்தை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். குழந்தை தூங்கியும் கண்ணை மூட முடியவில்லை என்றால் விடாமல் மேலே விசாரியுங்கள். அசதி மட்டும் சொன்னால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

மருந்து தேவைப்பட்டாலும் பொதுவாகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. ஆனால் காதில் குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள், நாள்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் அது வேறு நோய், அவசரம். அவளைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மற்றபடி யாரிடம் பேசுவது என்று தெரியாத நேரத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்.