வளவுக்கு மஞ்சள் அடிக்கும் முன்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் புதுப்பித்து வருவதால், “வெண்ணெய் நிறத்தில் இளமஞ்சள் அடித்துவிடலாமா?” என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. தாராளமாக அடிக்கலாம், பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னே, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையைவிட அது இதமாகவே இருக்கும். ஆனால் கடையில் தரும் வண்ண அட்டையை மட்டும் நம்பி அதை முடிவு செய்யக் கூடாது என்பதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில், அட்டையில் தீப்பெட்டி அளவே இருந்த ஒரு மஞ்சளைப் பார்த்து, முற்றமும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரமுமான வளவு முழுவதும் அடித்தோம். காலை எட்டு மணிக்கு நன்றாகவே இருந்தது. உச்சி வெயில் முற்றத்தில் இறங்கி, சுற்றியிருந்த சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் பட்டு எழும்பியபோது, சுவரின் கீழ்ப்பகுதி இடுப்பு உயரத்துக்கு ஆரஞ்சாக மாறியது. இரவில் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக்கூட ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும்) வெள்ளை விளக்கைப் போட்டதும் அதே சுவரில் பச்சை ஓடியது. “என்ன தம்பி, சுவத்துக்கு மஞ்சக்காமாலை வந்தாப்புல இருக்கே” என்றார் அந்த வீட்டு ஆச்சி. என் செலவிலேயே மறுபடியும் அடித்துக் கொடுத்தேன்.

இளமஞ்சள் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் அந்த ஒளியை ஒன்றன்மேல் ஒன்று வீசிக்கொள்வதால், அட்டையில் கண்டதைவிட நிறம் அடர்ந்து தெரியும். ஆகவே பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதையே எடுங்கள். இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுவரோடு சேர்த்து நிறுத்தி, காலையிலும் உச்சிப்பொழுதிலும் விளக்கு வைத்த பிறகும் பாருங்கள். விளக்கு 2700 முதல் 3000 கெல்வினுக்குள் இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

பழைய சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உரியும் என்பதால், அங்கே வண்ணம் கலந்த சுண்ணாம்பே ஏற்றது. ‘இயற்கையாக இருக்கட்டும்’ என்று அதில் மஞ்சள்தூளைக் கலக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதைப் பார்த்து வளர்ந்த நாம் இதைக் கேட்கலாமா! போதாக்குறைக்கு, மஞ்சள்தூளின் நிறம் வெயிலில் வெளுத்தும் போகும். மஞ்சள் காவியோ இரும்பு ஆக்சைடு மஞ்சளோ சுண்ணாம்பையும் வெயிலையும் தாங்கும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்தபின் நன்றாக வெளிறிவிடும் என்பதால், முதல் நாளே பயந்து சுண்ணாம்பைக் கூட்டிவிடாதீர்கள்.

கதவு, சன்னல்களில் இருக்கும் பழைய மஞ்சள் எனாமல்தான் எனக்குப் பெரிய கவலை. அந்த நிறத்துக்கு ஈயக் குரோமேட் வெகுகாலம் பயன்பட்டது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலை நனைக்காமல் உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. தண்ணீர் விட்டு, நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கொண்டு தேய்க்கச் சொல்லுங்கள். கழிவைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தும்வரை பிள்ளைகளை வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுப் பக்கமே வைத்திருங்கள்.