விருந்தளிக்கும் நாடா, அடைக்கலம் தந்த நாடா?

‘ரோஹிங்கியாக்களுக்கு விருந்தளிக்கும் நாடான வங்கதேசம்’ என்று போன வாரமும் ஒரு செய்தியில் படித்தேன். ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து அகதிகளாக வந்த முஸ்லிம் சிறுபான்மையினர். ‘ஹோஸ்ட் கன்ட்ரி’ என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த இந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

ஆங்கிலத்து ‘ஹோஸ்ட்’ லத்தீன் வழி வந்தது. வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பவர், போட்டி நடத்தும் நாடு, அகதிகள் தங்கியிருக்கும் நாடு எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

தமிழில் விருந்து என்றால் முதலில் புதுமை. அப்புறம் புதிதாக வந்தவர், பிறகு அவருக்குப் போடும் சாப்பாடு. விருந்தாளிக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கும். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று கெடுவும் வைத்திருக்கிறோம். 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் மூங்கிலும் தார்ப்பாயுமாகக் கட்டிய குடிசைகளில் வருடக்கணக்காக இருக்கிறார்கள். நன்கொடை குறைந்ததால் 2023-ல் உலக உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவியை 10 ஆக்கி, சில மாதங்களில் 8 ஆக்கியது. இதை விருந்து என்று எழுத எப்படிக் கை வருகிறது? விருந்து என்று சொல்லிவிட்டால் ‘போதும், கிளம்புங்கள்’ என்பதும் நியாயமாகத் தோன்றிவிடும். வங்கதேசம் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேராத நாடு. அரசு அவர்களை அகதிகள் என்றுகூடச் சொல்லாமல், ‘வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் நாட்டவர்’ என்றே குறிப்பிட்டு வருகிறது. அப்படியிருக்க, நாமும் சொல்லில் அலட்சியமாக இருக்கலாமா?

‘ஏற்பு நாடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எதை ஏற்றது என்று விளங்கவில்லை. ‘புகலிட நாடு’ சரிதான்.

எனக்குப் பிடித்தது அடைக்கலம். அடைதல் என்பதிலிருந்து வந்தது. தஞ்சம் என்ற பொருளோடு, காப்பாற்றித் தரும்படி ஒப்படைத்த பொருள் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தது அரண்மனையில் அல்ல, மாதரி என்ற இடைச்சியின் வீட்டில். வசதி குறைந்த வீடும் அடைக்கலம் தரலாம். சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்றும் பேர். வீட்டுக் கூரையடியில் கூடு கட்டும் குருவிக்கு யாரும் இலை போடுவதில்லை, ஆனால் கூட்டைக் கலைப்பதும் இல்லை. திருப்பி அனுப்பாமல் காப்பதுதானே அகதிச் சட்டத்தின் முதல் கடமை?

அந்தச் செய்தியை ‘ரோஹிங்கியாக்களுக்கு அடைக்கலம் தந்த வங்கதேசம்’ என்று தொடங்கியிருந்தால் யாருக்குப் புரியாமல் போயிருக்கும்?